எந்த இடம், எந்த இரவு, எந்தக் காற்று: காற்றாலைகளில் உயிரிழப்பைக் குறைக்கும் கணக்கு

தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பெரிய காற்றாலையின் பிளேடுகள் மெதுவாகச் சுற்றுவதாகத்தான் தோன்றும். கணக்குப் போட்டால் விஷயம் வேறு. 63 மீட்டர் நீளமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 12 சுற்று சுற்றினால் அதன் நுனி வினாடிக்குச் சுமார் 79 மீட்டர், அதாவது மணிக்கு 285 கி.மீ. வேகத்தில் போகிறது. மூன்று பிளேடுகள் இருப்பதால் ஒரே இடத்தை ஏறக்குறைய ஒன்றே முக்கால் வினாடிக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பிளேடு கடக்கிறது. ஒன்று போய் அடுத்தது வருவதற்குள் கண்ணெதிரே இருப்பது வெறும் வானம்தான். நெருங்க நெருங்க, வேகமாக நகரும் நுனி விழித்திரையில் கலங்கி, கண்ணாடிபோல ஊடுருவித் தெரியத் தொடங்குகிறது. இரை தேடித் தலையைக் கீழே சாய்த்துப் பறக்கும் கழுகுக்கும் பாறுக்கும் (பிணந்தின்னிக் கழுகு) முன்னால் இருப்பது சரியாகத் தெரிவதே இல்லை. நல்ல பார்வையுள்ள பறவை ஏன் இவ்வளவு பெரிய பொருளில் மோதுகிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து இந்தப் பிரச்சினையை எடைபோட முடியாது. பூனைகளாலும் கண்ணாடிக் கட்டடங்களாலும் சாகும் பறவைகளோடு ஒப்பிட்டால் காற்றாலைகளின் பங்கு சிறியது. ஆனால் பூனை பொன்னிறக் கழுகைக் கொல்வதில்லை. காற்றாலையில் அடிபடுபவற்றில் பல மெதுவாக இனம் பெருக்குபவை. பெரிய கழுகு முட்டையிடும் வயதை அடையவே நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதன்பின் ஆண்டுக்கு ஒன்றிரண்டு குஞ்சு தேறினால் அதிகம். வௌவால்களும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு குட்டிதான் ஈனும். முதிர்ந்த ஒன்று போனால் அந்த இடத்தை நிரப்பப் பல ஆண்டுகள் வேண்டும். வட அமெரிக்காவின் நரைநிற வௌவால் குறித்து 2017-இல் வெளியான கணிப்பு, எதுவும் செய்யாமல் விட்டால் 50 ஆண்டுகளில் அதன் எண்ணிக்கை 90 சதவீதம் வரை சரியக்கூடும் என்றது.

இதில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. இந்த இறப்புகள் சீராகப் பரவியிருப்பதில்லை. சில டவர்கள், சில மாதங்கள், சில மணி நேரங்கள், குறிப்பிட்ட சில காற்று வேகங்கள் என்று குவிந்திருக்கின்றன. அந்தக் குவியலைக் கண்டுபிடித்துவிட்டால் மிகச் சிறிய மின் இழப்பில் பெரும்பகுதி இறப்பைத் தடுக்கலாம்.

இடம் தேர்வு

கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாய் இத்துறையில் எல்லோரும் படிக்கும் முதல் பாடம். 1980-களில் அங்கே பல ஆயிரம் சிறு காற்றாலைகள் நெருக்கமாக நடப்பட்டன. பொன்னிறக் கழுகுகள் அடர்த்தியாகக் கூடு கட்டும் பகுதி அது. தரையெங்கும் அவற்றின் இரையான நில அணில்கள். ஆண்டுக்கு 60-க்கும் மேற்பட்ட பொன்னிறக் கழுகுகள் அங்கே செத்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வுகள் மதிப்பிட்டன. அதே ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: எல்லா டவரும் ஒரே அளவில் கொல்லவில்லை. மலைமுகட்டின் நடுவே தாழ்ந்திருக்கும் பள்ளம், இரு மேடுகளுக்கு இடைப்பட்ட வாய், காற்று மோதி மேலெழும் சரிவின் விளிம்பு ஆகிய இடங்களில் நின்றவைதான் அதிகம் கொன்றன. இறக்கையை அசைக்காமல் மிதக்கும் பறவைக்கு அந்த இடங்கள்தான் பாதை. ஒரு டவரை முகட்டு விளிம்பிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் உள்ளே தள்ளி வைப்பதற்கு வரைபடத்தில் ஒரு கோடு போதும். கான்கிரீட் ஊற்றியபின் அதே மாற்றம் நடக்காது.

ஆகவே கட்டுவதற்கு முந்தைய கணக்கெடுப்புதான் முழுத் திட்டத்திலும் மலிவான பாதுகாப்பு. ஸ்காட்லாந்து வழிகாட்டுதல் இதற்குப் பயனுள்ள அளவுகோல் தருகிறது: குறைந்தது இரண்டு ஆண்டுகள், ஒவ்வொரு நோக்குமேட்டிலும் (பறவைகளைக் கவனிக்க உட்காரும் இடம்) பருவத்துக்குக் குறைந்தது 36 மணி நேரம், ஒரு நோக்குமேட்டிலிருந்து 2 கி.மீ. வரை, 180 பாகைக்கு மிகாமல் பார்ப்பது. பார்க்கிறவர் இனம், எண்ணிக்கை, பறக்கும் உயரம், பிளேடுகள் சுற்றும் பரப்புக்குள் கழித்த வினாடிகள் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். பிழை நேரும் இடங்கள் தெரிந்தவைதான். ஒரே ஆண்டின் கணக்கை வைத்து முடிவெடுத்தால், இரை குறைந்த ஆண்டாக அது அமைந்துவிட்டால் பறவையே இல்லை என்று தெரியும். வானிலை தெளிந்த நாளில் மட்டும் போய் உட்கார்ந்தால், மோதல் நடக்கிற மூடுபனி நேரம் பதிவாகாது. பகலில் மட்டும் பார்த்தால் இரவில் வலசை போகும் கூட்டங்கள் விட்டுப்போகும். அதற்கு ரேடார் வேண்டும்.

இந்த எண்களை மோதலைக் கணிக்கும் கணித மாதிரியில் இட்டு ஆண்டு இறப்பைக் கணிப்பார்கள். அறிக்கை படிக்கிறவர்கள் முதலில் தேட வேண்டியது ‘விலகல் வீதம்’ என்ற ஒற்றை எண். எதிரே டர்பைன் இருப்பதைப் பார்த்து எத்தனை சதவீதப் பறவைகள் ஒதுங்கிப் போகும் என்ற அனுமானம் அது. 98 என்பதை 99 ஆக்கினால் வித்தியாசம் ஒன்றுதான் என்று தோன்றும்; மோதுபவை 2-லிருந்து 1 ஆவதால் கணித்த இறப்பு சரிபாதியாகிவிடும். பல மாத உழைப்பில் சேர்த்த களத்தகவலைவிட இந்த ஓர் எண் முடிவை அதிகம் அசைக்கிறது. அது எந்த இனத்துக்கு, எங்கே அளந்ததிலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதாத அறிக்கையை ஏற்கக் கூடாது.

வௌவாலுக்கு இந்த முன்கணக்கெடுப்பே போதாது. கட்டுவதற்கு முன் பதிவான வௌவால் நடமாட்டத்துக்கும் கட்டியபின் விழுந்த உடல்களுக்கும் வலுவான தொடர்பு கிடைக்கவில்லை என்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் செய்த ஒப்பீடுகள் காட்டுகின்றன. காரணம் எளிது: டவர் எழும்பியபிறகு அவை அதைத் தேடி வருகின்றன. ‘முன்பு இங்கே வௌவால் குறைவு’ என்பதை வைத்துப் பாதுகாப்பு நடவடிக்கைகளிலிருந்து விலக்கு கேட்பது தவறு.

வௌவாலைக் கொல்லும் மென்காற்று

மரங்களில் தங்கி நெடுந்தூரம் வலசை போகும் இனங்கள்தான் அதிகம் அடிபடுகின்றன. வட மிதவெப்ப நாடுகளில் கோடையின் பிற்பகுதி முதல் இலையுதிர் காலம் வரை இறப்பு உச்சத்தில் இருக்கும். வெப்பக் கேமராவில் பார்த்தபோது, அவை காற்று மெதுவாக வீசும் இரவுகளில் டவரின் காற்று மறைவுப் பக்கமாக வந்து, சுற்றிச் சுற்றி ஆராய்வது தெரிந்தது. உயர்ந்த மரம் என்று நினைத்து வருகின்றன என்பது வலுவான விளக்கங்களில் ஒன்று. அழுத்த மாற்றத்தால் நுரையீரல் வெடித்துச் சாகின்றன என்று 2008-இல் சொல்லப்பட்டது பரவலாக நிலைத்துவிட்டது. பின்னர் வந்த கணிப்புகள், அந்த அழுத்தம் கொல்லுமளவு வலுவாக இருக்கும் இடம் பிளேடை ஒட்டிய மெல்லிய பரப்பு மட்டுமே என்று காட்டின. அடிபடுவதே முதன்மைக் காரணம்.

பெரும்பாலான டர்பைன்கள் வினாடிக்கு 3 முதல் 4 மீட்டர் காற்றில்தான் மின்சாரம் தரத் தொடங்கும். அதற்குக் கீழேயும் பிளேடுகள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். மின்சாரம் இல்லை, ஆனால் வௌவால் சாகும். எனவே முதல் படி: உற்பத்தி தொடங்கும் வேகம் வரும்வரை பிளேடுகளை அச்சில் திருப்பி, காற்றுக்கு இணையாக நிறுத்துவது. அப்போது சுற்று நிமிடத்துக்கு ஒன்றிரண்டாகக் குறையும். விற்கக்கூடிய ஒரு யூனிட்கூட இதில் போகாது. இதைச் செய்யாமலிருக்க எந்தக் காரணமும் இல்லை.

இரண்டாம் படி, உற்பத்தி தொடங்கும் வேகத்தையே உயர்த்துவது. பென்சில்வேனியாவின் காசல்மேன் காற்றாலைத் திடலில் 2008, 2009 ஆண்டுகளில் நடந்த சோதனையில், இலையுதிர்கால இரவுகளில் தொடக்க வேகத்தை 5 மீட்டருக்கும் அதற்கு மேலும் உயர்த்தியபோது வௌவால் இறப்பு 44 முதல் 93 சதவீதம் வரை குறைந்தது. ஆண்டு மின் உற்பத்தியில் போனது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதன்பிறகு வந்த தொகுப்பாய்வுகளும் 5 மீட்டர் வரம்பு சராசரியாகப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்பதை உறுதி செய்தன.

இவ்வளவு குறைந்த இழப்பில் இவ்வளவு பலன் எப்படி? காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கேற்ப மாறும். 12 மீட்டரில் முழுத் திறன் தரும் இயந்திரம் 5 மீட்டர் காற்றில் அந்தத் திறனில் சுமார் 7 சதவீதம்தான் தரும், 3.5 மீட்டரில் 2.5 சதவீதம். வௌவாலோ இந்த மென்காற்றில்தான் பறக்கிறது. காற்று பலத்தால் அது வெளியே வருவது குறைவு. மின்சாரம் விளையும் நேரமும் வௌவால் பறக்கும் நேரமும் ஒன்றையொன்று பெரிதாகத் தொடுவதில்லை.

வரம்பு போடும்போது நான்கு நிபந்தனைகளைச் சேர்த்து எழுதுவது வழக்கம்: மாதம், சூரியன் மறைவு முதல் உதயம் வரையிலான நேரம், காற்று வேகம், வெப்பநிலை. ஜெர்மனியில் 6 மீட்டருக்குக் கீழான காற்று, 10 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் என்ற இணை பரவலாகத் தொடக்கப் புள்ளியாக இருக்கிறது. நாசெல்லில் (டவர் உச்சியில் இயந்திரம் இருக்கும் கூடு) வௌவால் ஒலியைப் பதிவு செய்து பின்னர் ஒவ்வொரு டர்பைனுக்கும் தனி வரம்பு கணக்கிடுவார்கள். மிதவெப்ப நாட்டு மாதங்களையும் 10 பாகையையும் வெப்பமண்டலத்தில் அப்படியே நகலெடுப்பது வீண். அங்கே எந்த மாதம் என்பதை உள்ளூர் ஒலிப்பதிவும் உடல் தேடலும்தான் சொல்ல வேண்டும். அது தெரியும்வரை ஆண்டு முழுவதும் வரம்பை வைத்துவிட்டு, தரவு வந்தபின் தளர்த்துவதே பாதுகாப்பான வரிசை.

காகிதத்தில் இருக்கும் வரம்பு களத்தில் தோற்கும் விதங்கள் பல. காற்று வேகத்தை ஒரு நிமிடச் சராசரியில் பார்த்தால் காற்று ஏறி இறங்கும்போதெல்லாம் இயந்திரம் நின்று நின்று கிளம்பும். பற்சக்கரங்களும் தேயும், அந்த இடைநேரத்தில் வௌவாலும் அடிபடும். 10 அல்லது 20 நிமிடச் சராசரி எடுத்து, கிளம்பும் வரம்பை நிற்கும் வரம்பைவிடச் சற்று உயர்த்தி வைத்தால் இது அடங்கும். கட்டுப்பாட்டு மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். கடிகாரத்தின் நேரமண்டலம் தவறாக இருந்தால் சூரியன் மறைந்து பல மணி நேரம் கழித்தே வரம்பு அமலுக்கு வரும். மூன்றையும் பிடிக்க ஒரே வழி: மாதம் ஒருமுறை, 10 நிமிடப் பதிவுகளை எடுத்து, வரம்புக்குள் வரும் நேரங்களில் சுற்று எண்ணிக்கை ஒன்றிரண்டுக்கு மேல் போயிருக்கிறதா என்று பார்ப்பது. அரைநாள் வேலை. அனுமதி உத்தரவிலேயே இதை எழுதிவிட வேண்டும்.

மீயொலி விரட்டிகளும் சந்தையில் இருக்கின்றன. 20 முதல் 50 கிலோஹெர்ட்ஸ் ஒலியால் எதிரொலி கேட்டு வழியறியும் வௌவாலின் திறனைக் குழப்புவது அவற்றின் உத்தி. டெக்சாஸில் நடந்த ஒரு சோதனையில் நரைநிற வௌவால் இறப்பு 78 சதவீதம் குறைந்தது. வேறு சில இனங்களில் பலன் தெரியவில்லை. உயர் அதிர்வெண் காற்றில் விரைவாகத் தேய்வதால் நாசெல்லில் வைத்த கருவியின் ஒலி நீண்ட பிளேடின் நுனிக்கு எட்டுவதில்லை. நுனிதான் கொல்கிறது. வேகவரம்போடு சேர்த்துப் பயன்படுத்தலாம். அதற்கு மாற்றாக ஏற்கக் கூடாது.

பறவை வரும்போது நிறுத்துவது

பகலில் மிதக்கும் பெரிய பறவைகளுக்கு வேகவரம்பு உதவாது. அவை காற்று நன்றாக வீசும்போதுதான் பறக்கும். வருவதைப் பார்த்து நிறுத்துவதே வழி. ஸ்பெயினின் காடிஸ் மாகாணத்தில், ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பறவைகள் கடக்கும் ஜிப்ரால்டர் நீரிணையின் கரையில், பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் 2008 முதல் இதைச் செய்கிறார்கள். பாறு ஆபத்தான பாதையில் வந்தால் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி அந்த டர்பைனை மட்டும் நிறுத்துவார்கள். முதல் இரு ஆண்டுகளில் பாறு இறப்பு பாதியானது. இழந்த மின்சாரம் ஆண்டுக்கு 0.07 சதவீதம். நீண்டகாலத் தரவில் பாறு இறப்பு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது.

ஆளுக்குப் பதில் கேமராவும் வந்துவிட்டது. வயோமிங்கில் ஒரு காற்றாலைத் திடலில் கழுகை அடையாளம் கண்டு தானே நிறுத்தும் கேமரா அமைப்பு கழுகு இறப்பை 82 சதவீதம் குறைத்ததாக 2021-இல் அறிக்கை வந்தது. இங்கே நேரக் கணக்கு முக்கியம். 1 கி.மீ. தொலைவில் கண்டறிந்து, பறவை வினாடிக்கு 15 மீட்டரில் நேராக வந்தால் கையில் 66 வினாடிதான். பெரிய சுழலி ஆபத்தற்ற வேகத்துக்கு இறங்க அரை நிமிடம் வரை ஆகும். கேமராவின் பார்வையில் ஒரு மேடோ மரவரிசையோ மறைத்து, 400 மீட்டரில்தான் பறவை தெரிந்தது என்றால் 26 வினாடி, போதாது. கேமராக்களை எங்கே நடுவது என்பதை மின் பொறியாளர் தனியாக முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நார்வேயின் ஸ்மோலா தீவில் மூன்று பிளேடுகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு வண்ணம் பூசிப் பார்த்தார்கள். ஒரே நிறம் மூன்று முறை கடக்கும்போது உண்டாகும் கலங்கல் இதனால் உடையும். பறவை இறப்பு சுமார் 70 சதவீதம் குறைந்தது. வண்ணம் பூசியது நான்கு டர்பைன்களில் மட்டும் என்பதை மறக்காமல் இதைப் படிக்க வேண்டும். நல்ல அறிகுறி, முடிவான சான்று அல்ல. புதிய பிளேடானால் தொழிற்சாலையிலேயே பூசுவது எளிது. நின்றுகொண்டிருக்கும் டவரில் கயிற்றில் தொங்கிப் பூச வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பே செய்யக்கூடிய எளிய வேலைகள் உண்டு. செத்த கால்நடைகளை அன்றன்றே அப்புறப்படுத்தினால் பாறுகள் இறங்குவது குறையும். அடித்தளம் தோண்டிய கற்களைக் குவித்து வைத்தால் எலியும் முயலும் குடியேறும், அவற்றைத் தேடிக் கழுகு வரும். டவர் அடியிலும் துணைமின் நிலையத்திலும் விடிய விடிய எரியும் நிலையான விளக்குகள் பூச்சியையும் இரவில் வலசை போகும் பறவைகளையும் இழுக்கும். ஆள் வரும்போது மட்டும் எரியும்படி மாற்றுவது ஒருநாள் வேலை.

கம்பிகள்

காற்றாலை என்றதும் டவரை மட்டும் பார்க்கிறோம். மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பி சில இனங்களுக்கு டவரைவிடக் கொடியது. கானமயில் வகைப் பறவைகள் கனமானவை, சட்டென்று திரும்ப முடியாதவை. கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் தலையைச் சற்றுக் கவிழ்த்தாலே முன்னால் குருடு. இந்தியாவில் 150-க்கும் குறைவாக எஞ்சியிருக்கும் கானமயிலுக்கு இதுவே பெரிய அச்சுறுத்தல். கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகுமாறு 2021-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, 2024-இல் தளர்த்தப்பட்டு நிபுணர் குழுவிடம் விடப்பட்டது.

கம்பியில் அடையாளத் தகடுகளைத் தொங்கவிடுவது மலிவான வழி, ஆனால் எல்லாப் பறவைக்கும் வழி அல்ல. தென்னாப்பிரிக்காவின் கரூ சமவெளியில் நடந்த நீண்ட சோதனையில் நீலக் கொக்குகளின் மோதல் 92 சதவீதம் குறைந்தது. அதே கம்பியில் லுட்விக் கானமயிலுக்கு எந்தப் பலனும் இல்லை. முன்னால் பார்க்காத பறவைக்குத் தகடு தொங்கி என்ன பயன்? அந்த இனம் வாழும் இடத்தில் பாதையை மாற்றுவது அல்லது புதைப்பது என்ற இரண்டுதான் மிச்சம். மின்தாக்குதல் வேறு பிரச்சினை. அதற்குத் தீர்வு எளிது. கழுகு அளவுள்ள பறவைகள் அமரும் கம்பங்களில் மின்னோட்டமுள்ள பாகங்களுக்கிடையே கிடைமட்டமாக ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும். முடியாத இடத்தில் உறை போட வேண்டும்.

சாகாமலே போகிறவை

உடல் விழாததால் பாதிப்பு இல்லை என்றாகாது. மகாராஷ்டிராவின் சால்கேவாடி பீடபூமியில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. காற்றாலைகள் உள்ள பகுதியில் இரைகொல்லிப் பறவைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. அவற்றுக்கு அஞ்சி வாழ்ந்த விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகியிருந்தன, அவற்றின் மன அழுத்த ஹார்மோனும் பயமும் குறைந்திருந்தன. ஒரு டவர் உணவுச்சங்கிலியின் மேல்கண்ணியை எடுத்துவிட்டது போன்ற விளைவு. வட கடலில் குளிர்காலம் கழிக்கும் செந்தொண்டை லூன்கள் என்ற நீர்ப்பறவைகள் காற்றாலைத் திடல்களிலிருந்து பத்து கி.மீ.க்கு அப்பால்கூட விலகிப்போயிருக்கின்றன.

கடலில் கட்டும்போது இன்னொரு கேடு, ஒலி. எஃகுத் தூணைச் சம்மட்டியால் அடித்து இறக்கும் சத்தம் கடற்பன்றிகளை (டால்பினை ஒத்த சிறு கடல் பாலூட்டிகள்) பல கி.மீ. துரத்துகிறது, அருகில் இருந்தால் செவி பழுதாகும். ஜெர்மனி 750 மீட்டர் தொலைவில் 160 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்த பிறகுதான் குமிழித்திரை தொழில்நுட்பம் வேகமாக வளர்ந்தது. துளையிட்ட குழாயைத் தூணைச் சுற்றிக் கடலடியில் வளையமாகக் கிடத்தி, கப்பலிலிருந்து அழுத்தக் காற்றைச் செலுத்துவார்கள். எழும் குமிழிச் சுவர் ஒலியைப் பத்து டெசிபலுக்கு மேல் குறைக்கும், அதாவது ஒலி ஆற்றல் பத்திலொரு பங்குக்கும் கீழே இறங்கும். நீரோட்டம் பலமாக இருந்தால் திரை சாய்ந்து ஒரு பக்கம் திறந்துவிடும். ஆகவே வளையத்தை ஓட்டத் திசையில் நீட்டிப் போடுவார்கள். கடலிலும் பறவைகளுக்காக வேகத்தைக் குறைக்க முடியும்: நெதர்லாந்து 2023 மே மாதத்தில், பெரும் வலசை இரவில் கடற்காற்றாலைகளின் சுற்றை நிமிடத்துக்கு இரண்டுக்கும் கீழே இறக்கியது. இரண்டு நாட்களுக்கு முன்பே வலசையைக் கணித்து மின் கட்டமைப்பை ஆயத்தப்படுத்தியதால்தான் இது முடிந்தது.

எண்ணும் முறை

‘ஆறு உடல்கள்தான் கிடைத்தன’ என்ற வரியைப் பார்த்தால் உடனே மூன்று கேள்வி எழ வேண்டும். தேடுகிறவர் கண்ணில் எத்தனை படும்? நரியும் காகமும் தின்றது போக எத்தனை மிஞ்சும்? உடல் விழக்கூடிய பரப்பில் எவ்வளவு தேடினார்கள்? தெரிந்த இடத்தில் உடல்களை வைத்துச் சோதித்து, கண்டுபிடிப்பது 50 சதவீதம், அடுத்த தேடல்வரை மிஞ்சுவது 60 சதவீதம், தேடிய பரப்பில் விழுவது 70 சதவீதம் என்று தெரிந்தால், மூன்றையும் பெருக்க 0.21 வரும். ஆறை அதனால் வகுத்தால் ஏறக்குறைய 29. உயரமான புல்லில் வௌவால் உடலை மனிதர் காண்பது மிகக் குறைவு. பயிற்சி பெற்ற நாய் பல மடங்கு கண்டுபிடிக்கும். இரண்டே நாளில் உடல்கள் மறையும் இடத்தில் மாதம் ஒருமுறை தேடிவிட்டு ‘பூஜ்யம்’ என்று எழுதுவது கணக்கே அல்ல.

இந்தக் கணக்கு டவர்வாரியாக, தேதிவாரியாக இருக்க வேண்டும்; திடல் முழுவதற்குமான ஒரே சராசரி, கொல்லும் டவரை மறைத்துவிடும். ஒரு காற்றாலையின் ஆயுள் 20 முதல் 25 ஆண்டுகள். பழையதை எடுத்துவிட்டுப் பெரியதை நடும் காலம் உலகின் பல திடல்களில் வந்துவிட்டது. பெரியதை நட்டாலே இறப்பு குறையும் என்ற நம்பிக்கையை கலிஃபோர்னியாவில் 2021-இல் வெளியான ஆய்வு ஆதரிக்கவில்லை: சிறியதோ பெரியதோ, உற்பத்தியாகும் ஒவ்வொரு அலகு மின்சாரத்துக்கும் இறப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பெரிய இயந்திரம் தரும் உண்மையான வாய்ப்பு வேறு: அதே மின்சாரத்துக்குக் குறைந்த இடங்கள் போதும் என்பதால், பழைய டவர்களில் எந்தெந்த இடத்தைக் காலியாக விடலாம் என்று தேர்ந்தெடுக்க முடியும். இருபது ஆண்டுக் களப்பதிவேடு கையில் இருந்தால் அந்தப் பட்டியல் தானாகவே அதிலிருந்து வரும்.